கிளிமூக்குச் சேவல்: அழகோடு ஆதாயமும் பெறுவது எப்படி?

தாடிக்கொம்பு, திண்டுக்கல் வட்டார விவசாயிகளுக்குக் கிளிமூக்கு விசிறிவால் சேவல் புதியதல்ல. இது அசில் இனத்தைச் சேர்ந்தது. கிளியைப் போல் வளைந்த குட்டை அலகும், நீண்டு படர்ந்த வாலும் இதன் அடையாளங்கள். திண்டுக்கல்லில் இதற்கெனக் கண்காட்சிகள் நடந்துள்ளன. தேர்ந்த சேவல் லட்ச ரூபாய்க்கும் விலை பேசப்படுவதுண்டு.

இந்த விலையைக் கேட்டுக் கடன் வாங்கிச் சேவல் வாங்குவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி பெட்டை. மீதியுள்ள சேவல்களிலும் அலகும் வாலும் ஒருங்கே அமைவது சிலவற்றுக்கே. மற்றவை முட்டையாலும் கறியாலும் வீட்டுக்கு உதவ வேண்டும். ஆகவே அழகை மட்டும் பார்த்து இனம் பெருக்குவது நட்டத்தில் முடியும்.

தாய்க்கோழித் தேர்வு

சேவலைப் பார்த்துப் பார்த்து வாங்கும் நாம், பெட்டையைக் கவனிப்பதில்லை. குஞ்சுக்குத் தாயின் பங்கும் பாதி. பெட்டையின் அலகைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் விசிறிவால் அதனிடம் தெரியாது. அதன் சேவல் குஞ்சுகளிடமே தெரியும். எனவே எந்தத் தாயின் குஞ்சு எது என்பதற்குக் காலில் வளையமிட்டு, நோட்டில் குறித்து வைப்பது அவசியம்.

பத்துப் பன்னிரண்டு முட்டையாவது இட்டு, 21 நாளும் அடையை விட்டு எழாமல் இருந்து, குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கும் பெட்டையே தாயாக இருக்கத் தக்கது.

சேவல் தேர்வு

மேல் அலகும் கீழ் அலகும் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாத அலகுள்ள சேவல் இரை பொறுக்கச் சிரமப்படும். கால்கள் நேராகவும் உறுதியாகவும் இருத்தல் நலம். வால் முழுவதும் வளர்ந்த பிறகே, அதாவது ஒரு வயதுக்குப் பின், இறுதி முடிவு செய்யலாம்.

கொண்டைப் பூவை மட்டும் பார்த்துச் சுத்த இனம் என்று நம்பலாகாது. அசிலின் பூ சிறியது. தலையோடு படிந்து மூன்று வரிசையாக இருக்கும். இதைக் கத்திப்பூ உள்ள சாதாரணக் கோழியுடன் சேர்த்தால், முதல் தலைமுறைக் குஞ்சுகளுக்கும் பெரும்பாலும் அடங்கிய பூவே அமையும். அந்தக் கலப்புக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் சுமார் நான்கில் ஒன்றுக்குக் கத்திப்பூ வெளிப்படும். கோழிப் பூவின் இந்தப் பரம்பரை விதியை இங்கிலாந்து அறிஞர் பேட்சன் 1902ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஆகவே வாங்குமுன் தாய், தந்தை இரண்டையும் நேரில் பார்ப்பது நன்று.

உறவுக்குள் சேர்க்க வேண்டாம்

வால் கெடக் கூடாதென்று தந்தைச் சேவலை அதன் பெட்டைக் குஞ்சுகளுடனே தொடர்ந்து சேர்ப்பவர் உண்டு. இதனால் கூமுட்டை மிகும். குஞ்சுகள் நலிந்து சாகும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை போதும். சுற்று வட்டாரத்தில் உள்ள விவசாயிகள் நான்கைந்து பேர் சேர்ந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை சேவல்களை மாற்றிக் கொண்டால் செலவின்றி இரத்தம் மாறும்.

பராமரிப்பு

வளர்ந்த சேவல்களைத் தனித்தனியே அடைக்கவும். வால் தரையில் உரசாதபடி இரண்டு, மூன்றடி உயரத்தில் கழி கட்டி, அடியில் உலர்ந்த மணல் பரப்பவும். வெள்ளைக்கழிச்சல் விலை பார்த்து வருவதில்லை. குஞ்சுக்கு 7ஆம் நாள் சொட்டு மருந்தும், 8ஆம் வாரம் இறக்கையில் தடுப்பூசியும் போட அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.

சேவலைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கண்காட்சிக்கு வளர்ப்பதில் அந்த அச்சமில்லை. நல்ல சேவல் அமைந்தால் அது உபரி வருமானம். அமையாத ஆண்டிலும் முட்டையும் கறியும் கைகொடுக்கும்படி மந்தையை வைத்திருப்பவரே கெட்டிக்கார விவசாயி.