திறப்பில்லாப் பூட்டு நட்டு



உடையவனுக்கு வழிவிட்டுக் கள்வனைத் தடுப்பதே பூட்டின் இலக்கணம். மோட்டார் வண்டியின் சில்லிலே பூட்டப்படும் பூட்டு நட்டு, அதன் திறப்புத் தொலைந்துவிட்ட நாளிலே, இவ்விலக்கணத்தை மறந்துவிடுகின்றது. கள்வனுக்கென்று வைத்த தடை வண்டிக்காரனையே மறித்து நிற்கின்றது. அவ்வேளையில் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் பொறியியல் கற்றவனல்லன், கலைப்பட்டதாரி. எனினும் கராஜ்களிலே காத்திருக்கும் நேரத்தில் கைவினைஞரிடம் கேள்வி கேட்பது ஆசிரியர்களுக்கு விட்டகலாத வழக்கம்.

முதலில் பொருளை அறிவோம். காரின் ஒவ்வொரு சில்லும் அதன் குடத்தோடு நான்கு அல்லது ஐந்து நட்டுகளாலே இறுக்கப்பட்டிருக்கும். சாதாரண நட்டு அறுகோண வடிவினது. அளவொத்த எந்தச் சாவியும் அதனைக் கழற்றும். அலுமினியக் கலவையாலான விலையுயர்ந்த சில்லுகள் களவு போவதைத் தடுக்கவே, சில்லுக்கு ஒன்றாகப் பூட்டு நட்டை இடுகின்றனர். இதன் புறம் வழுவழுப்பான உருண்டை. முகத்திலே வளைந்து நெளிந்த ஒரு பள்ளக்கோலம். அக்கோலத்துக்கு இணையான மேடு கொண்ட சிறு துண்டே அதன் திறப்பு. திறப்பை நட்டிற் பொருத்தி, அதன் மறுபுறத்து அறுகோணத்திலே சில்லுச் சாவியை மாட்டித் திருப்புதல் வேண்டும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் நட்டுக்குப் பதிலாகப் புரியாணியே இருக்கும். பூட்டின் முறை ஒன்றே.

யப்பானிலே ஓடிப் பின் இந்நாட்டுக்கு வந்த வண்டிகள் சிலவற்றில் முன்னைய உரிமையாளர் பூட்டிய நட்டு வந்துசேரும், திறப்பு வாராது. வாங்கியவர் அதனைக் கவனிப்பதுமில்லை. ஏ9 வீதியிலே, மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், இரவு பத்து மணிக்கு ரயர் காற்றுப்போனதென்று வைத்துக்கொள்வோம். ஜக் இருக்கின்றது, மாற்றுச் சில்லு இருக்கின்றது, கைவிளக்குப் பிடிக்க மகனும் இருக்கிறான். நான்கு நட்டுகள் கழல்கின்றன; ஐந்தாவது அசையவில்லை. பின்னிருக்கையிலே முதிய தாயார். இந்நிலையில் மாற்றுச் சில்லு வெறும் சுமையே.

ஆகவே, தேடுதலே முதல் வேலை. திறப்பு விரலளவான சிறு பொருள். முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள பெட்டி, ஜக் வைத்த பை, மாற்றுச் சில்லின் கீழுள்ள குழி, இருக்கைகளுக்கு நடுவிலுள்ள அறை ஆகியவற்றைத் துழாவுக. பின்னர், இறுதியாக ரயர் மாற்றிய கடைக்குச் செல்க. பல வேளைகளில் திறப்பு அங்குள்ள காற்றுத்துப்பாக்கியின் சொக்கற்றுக்குள்ளே சிக்கியிருக்கும். திறப்போடு வந்த அட்டையிலே குறியீட்டெண் இருப்பின், அதனைக் கொண்டு புதிய திறப்பைத் தருவிக்கலாம். வலிந்து கழற்றுவதைக் காட்டிலும் இது மலிவு.

ஒன்றும் கிட்டாவிடில் வலிமையை நாட வேண்டியதுதான். அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. பலரும் மற்றை நான்கு நட்டுகளையும் முதலிலே தளர்த்திவிடுவர். அவை தளர்ந்ததும் சில்லை இறுக்கும் பாரத்தில் பெரும்பங்கு பூட்டு நட்டின் மேல் விழுகின்றது. அது முன்னிலும் கடினமாகிவிடும். ஆதலால் ஏனையவை இறுகி நிற்கையிலேயே பூட்டு நட்டைக் கழற்றுக. வண்டி நிலத்தில் நிற்க வேண்டும், ஜக்கின் மேலன்று. கைத்தடையை இழுத்து, மற்றைச் சில்லுகளுக்குக் கல் வைக்க. புரி துருப்பிடித்திருப்பின் ஊடுருவும் எண்ணெய் சிறிது விட்டுக் கால் மணி நேரம் பொறுக்க. தடைத்தட்டிலே எண்ணெய் படலாகாது.

கராஜ்களிலே பெரிதும் கையாளப்படும் முறை இது: நட்டின் புறவிட்டத்தினும் சற்றே சிறிய, உள்ளே பன்னிரண்டு முனைகளுள்ள பழைய சொக்கற் ஒன்றை நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அறைந்து ஏற்றுவர். முனைகள் நட்டின் உடலைக் கவ்விக்கொள்ளும். பின்பு நீண்ட பிடியை மாட்டி, திடீரென இழுக்காது, இடப்புறமாகச் சீராக அழுத்துவர். அந்தச் சொக்கற் பெரும்பாலும் வேறொன்றுக்கும் உதவாது. ஆகையாற் பழையது என்றேன். இதற்கென்றே செய்யப்பட்ட கழற்றுகருவியும் உண்டு. அதன் உட்புறத்திலே எதிர்த்திசையிற் சுழலும் கூரிய வரிகள் உள. திருப்பத் திருப்ப அவை ஆழமாகக் கடிக்கும். அடிக்கும்போது கண்ணுக்குக் காப்பு அவசியம், ஏனெனில் கடினமாக்கப்பட்ட உருக்கிலிருந்து சிதறும் துகள் மிகக் கூரியது. அளவின்றி அடித்தலும் தீது. அவ்வதிர்ச்சி சில்லின் பேரிங்கைச் சென்றடையும்.

சில நட்டுகளைச் சுற்றித் தன்பாட்டிலே சுழலும் வளையம் ஒன்றிருக்கும். சொக்கற் வளையத்தைக் கவ்விச் சுழலுமேயன்றி நட்டு அசையாது. வளையத்தை முதலில் உளியால் உடைத்தகற்ற வேண்டும். அதற்கும் இணங்காததன் மேல் சாதாரண நட்டொன்றை வெல்டிங் செய்து திருப்புவதுண்டு, துளைத்தெடுப்பதும் உண்டு. இவ்விரண்டும் தேர்ந்தவர் கைக்கே உரியன. ரயரின் அருகே தீயின் வெப்பம் ஆபத்தானது. வண்டியின் பற்றரித் தொடர்பையும் முன்பே நீக்கிவைத்தல் வேண்டும்.

இத்தனை வழிகளும் கள்வனுக்குந் தெரிந்தவையே. பூட்டு நட்டு அவனைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. தாமதமும் பயன்தான், ஓசையும் நேரமும் கள்வனுக்குப் பகை.

கழன்ற நட்டை மீண்டும் இடலாகாது. சில்லின் இருக்கைக்கு ஏற்ற நட்டையே இடுக. கூம்பிருக்கைக்குக் கூம்பு, உருண்டைக்கு உருண்டை, தட்டைக்குத் தட்டை. மாறினால் நட்டு தளர்ந்துவிடும். புரியின் அளவும் ஒத்திருக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் ஆணிகளிலேயே 1.25, 1.5 என இருவகைப் புரி உண்டு. முதலிற் கையாலே திருகி, எதிரெதிராக இறுக்கி, வண்டியின் கைநூல் கூறும் அளவிலே நிறுத்துக. சிறு கார்கள் பலவற்றுக்கு அது ஏறத்தாழ 100 நியூற்றன் மீற்றர். காற்றுத்துப்பாக்கியின் மட்டற்ற விசையே திறப்பின் கோலத்தை உடைப்பது. பூட்டு நட்டைக் கையால் மாத்திரம் திருப்புமாறு கடைக்காரரிடம் சொல்லிவிடுக. எண்பது, நூறு கிலோமீற்றர் ஓடியபின் இறுக்கத்தை மறுபடியும் பார்க்க. ஏனைய மூன்று சில்லுகளிலும் அதே திறப்பில்லாப் பூட்டு நட்டு இருக்குமாயின், அவற்றையும் அதே நாளிற் கழற்றுவித்துவிடுக.