நேற்று ஓடியது இன்று நின்றால்

சென்ற மாதம், பெங்களூர் வீட்டில் கணினியைப் புதுப்பித்த மறுநாள், சங்கச் சந்தாக் கணக்கு நிரல் திறந்ததும் மூடிக்கொண்டது. "வட்டையே அழித்துவிடுங்கள்" என்றார் ஒருவர். கணக்கும் போயிருக்கும்! நேற்று ஓடிய வண்டி இன்று நின்றால், இடையில் மாறியது எது என்று பார்ப்பதே ரயில்வேயில் நான் கற்ற பாடம். புதுப்பிப்புப் பதிவேட்டைப் பார்த்து, ஒரேயொரு நூலகத்தை முந்தைய பதிப்புக்கு மாற்றினேன், திறந்தது.

2010-இல் ஃபெடோரா 14 லினக்ஸில் ஜிலிப்சி நூலகம் மாறியதும் ஃபிளாஷில் பாட்டு கரகரத்தது. தகவலை நகலெடுக்கும் 'மெம்காப்பி', வேகத்துக்காகப் பின்னாலிருந்து நகலெடுக்கத் தொடங்கியதே காரணம். ரயில் பெஞ்சில் எல்லோரும் இடப்பக்கம் ஓரிடம் நகர, இடக்கோடிக்காரர் முதலில் நகர வேண்டும். வலக்கோடிக்காரர் முந்தினால் பக்கத்தவர் மடியில்தான் உட்காருவார்! அப்படி இடங்கள் மேற்படிந்தால் 'மெம்மூவ்' பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஃபிளாஷ் மீறியதைப் பழைய நூலகம் மறைத்திருந்தது. 2011-இல் வந்த ஜிலிப்சி 2.14, பழைய நிரல்களுக்குப் பழைய வழக்கத்தையே விட்டுக்கொடுத்தது.

அன்பர்களே, முதலில் கணக்கைப் பிரதி எடுங்கள். பிறகு பழுது பாருங்கள்.