திவால் கடிதம் வந்தால் என்ன செய்வது?



நீதிமன்றக் கடிதம் வந்தால் நம்மில் பலர் அதைச் சாமி படத்தின் பின்னால் செருகி வைத்துவிடுகிறோம். கடிதத்தை மறைக்கலாம், அதிலுள்ள கெடுவை மறைக்க முடியாது.

திவால் ஒரே நாளில் வந்து விழுவதன்று, படிப்படியாக வருவது. கடன் கொடுத்தவர் முதலில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறுகிறார். அடுத்து திவால் அறிவிப்பு வருகிறது. அது கைக்குக் கிடைத்த 7 நாளுக்குள் கடனைக் கட்ட வேண்டும். அல்லது உரிய பதிலைத் தர வேண்டும். தவறினால் மனு, விசாரணை, இறுதியில் ஆணை. கடன்பட்டவர் தாமே மனுச் செய்வதும் உண்டு. ஆணை பிறக்குமுன், தவணைத் திட்டம் ஒன்றைக் கடன் கொடுத்தவர்களிடம் முன்வைக்கவும் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது.

எவ்வளவு கடனுக்குத் திவால்? முன்பு 30,000 வெள்ளி. 2017இல் 50,000 ஆயிற்று. 2021 முதல் 100,000 வெள்ளி. அதற்குக் குறைந்த கடனுக்குக் கடன் கொடுத்தவர் நம்மைத் திவாலாக்க முடியாது. ஆனால் கடன் மறைந்துவிடாது. வழக்கும் ஜப்தியும் வரலாம்.

பிணை நின்றவர் கதி என்ன? பிள்ளையின் படிப்புக்கோ, உறவினரின் சொந்த வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ ஆதாயம் கருதாமல் கையெழுத்துப் போட்டவரை, 2017க்குப் பின் திவாலாக்க முடியாது. பாக்கிப் பணத்துக்கு அவர்மீது வழக்குப் போடலாம். வியாபாரக் கடனுக்குப் பிணை நின்றவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் மலாய்க் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்வோம். வழக்காட எங்களால் ஆகாது. அதற்கு உரிய இடங்கள் உண்டு. ஒன்று, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் அரசாங்கச் சட்ட உதவித் துறை, அதாவது ஜபாத்தான் பந்துவான் குவாமான். வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். மற்றொன்று, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம். பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர் கோலாலம்பூர் மையத்தையும், கிள்ளானில் இருப்பவர் சிலாங்கூர் மையத்தையும் நாடலாம். வங்கிக் கடன் தவணையைச் சீரமைக்க, பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. இலவச ஆலோசனை தருகிறது. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கடன் ஒப்பந்தம், ரசீதுகள், வந்த கடிதம் ஆகியவற்றைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஆணை பிறந்துவிட்டாலும் வாழ்வு முடிந்துவிடவில்லை. அனுமதியின்றி வெளிநாடு செல்ல முடியாது, உண்மைதான். ஆனால் ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தைக் கடன் கொடுத்தவர் தொட முடியாது. சொத்து, கடன், வருமான விவரங்களைத் திவால் துறையிடம் ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டில், குறித்த தொகையைக் கட்டி ஒழுங்காகக் கணக்கும் காட்டியவர், விடுவிப்புப் பெற வழியுண்டு. விவரம் கொடுக்கத் தாமதித்தால் விடுதலையும் தாமதமாகும்.

ஒரு கடனை அடைக்க வட்டி முதலையிடம் மறுகடன் வாங்காதீர்கள். கடிதம் வந்த அன்றே பிரித்துப் படியுங்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். உதவி கேட்பதில் வெட்கமில்லை.