குருதியில் உலவும் யூபிகுவிட்டின்

நம் உடலில் புரதங்கள் ஓயாது பிறக்கின்றன, ஓயாது அழிகின்றன. பழுதுற்ற புரதங்கள் உயிரணுவுக்குள் தேங்குமாயின் அதன் இயக்கமே சீர்குலையும். எனவே, அழிய வேண்டியது எது, நிலைக்க வேண்டியது எது எனப் பிரித்தறியும் ஏற்பாடு இன்றியமையாததாகிறது. அவ்வேற்பாட்டின் முத்திரையாக விளங்குவதே 76 அமினோ அமிலங்களால் ஆன யூபிகுவிட்டின் என்னும் சிறு புரதம்.

1975ஆம் ஆண்டில் கிடியன் கோல்ட்ஸ்டீன் குழுவினர் மாட்டின் தைமஸ் சுரப்பியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். 'எங்கும்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. ஈஸ்ட்டின் யூபிகுவிட்டினும் மனிதனின் யூபிகுவிட்டினும் மூன்றே அமினோ அமிலங்களில்தான் வேறுபடுகின்றன. அழிக்கப்பட வேண்டிய புரதத்தின்மீது யூபிகுவிட்டின்கள் சங்கிலியாகப் பிணைகின்றன. புரோட்டியசோம் என்னும் நொதித்தொகுதி அப்புரதத்தைச் சிதைக்கிறது. முத்திரையோ அழியாது, மீண்டும் பயன்பட விடுவிக்கப்படுகிறது. இம்முறையைக் கண்டறிந்த ஆரன் சிக்கனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

உயிரணுவின் உள்ளே பணிபுரியும் இப்புரதம் குருதியிலும் காணப்படுவதே நாம் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. நலமுடையோர் குருதியிலும் இது சிறிதளவு உண்டு. கடுங்காயமுற்றோர், கிருமித் தொற்று உடலெங்கும் கேடு விளைக்கும் செப்சிஸ் நோயாளிகள், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஆகியோரிடம் அதன் அளவு உயர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிதைந்த உயிரணுக்களிலிருந்து அது கசிவது இதற்கு ஒரு காரணமாகும்.

அவ்வாறாயின் அது வெறும் சிதைவின் எச்சந்தானா? அன்று என்கின்றன பின்வந்த ஆய்வுகள். பாக்டீரிய நச்சைக் கண்டு வெள்ளணுக்கள் அழற்சிப் பொருளைச் சுரப்பதை, வெளியில் உலவும் யூபிகுவிட்டின் தணிக்கிறது என 2003இல் வெளியான ஆய்வு உணர்த்தியது. உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் ஏற்பியில் அது பொருந்திச் செயல்படுவது 2010இல் புலனாயிற்று. எச்.ஐ.வி. கிருமியின் சில வகைகள் உயிரணுவுக்குள் நுழையத் துணைக்கொள்ளும் ஏற்பியும் இதுவேயாகும்.

அழற்சி அளவு கடந்தால் உடலுறுப்புகள் கெடும்; அளவுக்குமேல் தணிந்தாலோ கிருமிகள் பெருகும். ஆதலின், யூபிகுவிட்டின் உயர்வை நன்மையென்றோ தீமையென்றோ ஒரு சொல்லில் அடக்கிவிட இயலாது. மேலும், சிவப்பணுக்களில் இப்புரதம் மிகுதியாக உள்ளமையால், பரிசோதனைக்கு எடுத்த குருதியில் அவை உடைந்தாலே அளவு பொய்யாக உயர்ந்து தோன்றும். பல நோய்களில் உயரும் ஒரு பொருள், தனித்து நின்று எந்நோயையும் பெயர்சொல்லிக் காட்டாது.

நோயின் அறிகுறி வேறு, நோயின் காரணம் வேறு. உடல் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சி இன்னும் வேறு. குருதியில் உயர்ந்த ஓர் அளவு இம்மூன்றில் எதனைச் சுட்டுகிறது என்று தெளிந்த பின்னரே அதனைக் குறைப்பதா, கூட்டுவதா என மருத்துவம் முடிவு செய்யவியலும். அறிவியல் பயிலும் மாணவர் மட்டுமன்றி, பரிசோதனைத் தாளைக் கையில் ஏந்தும் நாம் அனைவரும் இவ்வேறுபாட்டை உளங்கொள்ளுதல் நன்று.