ஈட்டிமரப் பெட்டி கடல் கடக்கும்போது

மைசூரில் செய்யப்படும் ஈட்டிமர நகைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரும்பழுப்பு மரத்தில் படம் வரைந்து, கோடுகளுக்குள் குழி பறித்து, வேறு வேறு நிற மரங்களைச் சின்னச் சின்னத் துண்டாக்கி அதில் பதித்து ஒட்டியிருப்பார்கள். மூடியில் தசரா யானை நடந்துபோகும். புவிசார் குறியீடு பெற்ற கலை இது. இந்தப் பெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவருக்கும் அங்கே இறக்குமதி செய்கிறவருக்கும் சுங்கத்தில் வரும் கேள்விகள் மூன்று. இது என்ன பொருள்? எந்த மரம்? எதில் கட்டி வந்தது? விடை தெரியாமல் தேங்கி நிற்கும் ஒவ்வொரு சரக்குக்குப் பின்னாலும் கூலிக்குக் காத்திருக்கும் ஒரு பட்டறை இருக்கிறது. ஆகவே இந்த விதிகள் கைவினைஞரின் பிழைப்போடு நேரடியாகத் தொடர்புடையவை.

எந்த எண்ணில் சேரும்?

உலக நாடுகளில் பெரும்பாலானவை 1988 முதல் நடைமுறையில் உள்ள 'எச்.எஸ்.' என்ற பொதுவான பொருள் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் எங்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வருபவை அந்தந்த நாட்டுக்குரியவை. மரப் பொருள்களுக்கு 44-ஆம் அத்தியாயம். அதில் 4420 என்ற தலைப்பின் கீழ் மரப்பதிப்பு வேலைகள், மரத்தாலான நகைப்பெட்டிகள், சிலைகள், அலங்காரப் பொருள்கள் எல்லாம் வருகின்றன. நம் பெட்டியின் இடம் இதுதான்.

ஆனால் சின்ன மாற்றம்கூட எண்ணை மாற்றிவிடும். அதே பெட்டியின் வெளிப்புறம் முழுவதும் தோலோ வெல்வெட் துணியோ போர்த்தியிருந்தால் அது 4202-க்குப் போய்விடும். உள்ளே மட்டும் துணி விரித்திருந்தால் மரப்பெட்டியாகவே நிற்கும். ஆனாலும் துணி விரித்த பெட்டிக்கும் விரிக்காத பெட்டிக்கும் அமெரிக்கா தனித்தனி உட்பிரிவு வைத்திருக்கிறது. மூடியைத் திறந்தால் இசைக்கும் பெட்டி 9208. பதிப்பு வேலை செய்த சதுரங்கப் பலகை விளையாட்டுப் பொருள்களோடு 95-ஆம் அத்தியாயத்தில் சேரும். தரையில் நிற்கும் மேசை என்றால் 94-ஆம் அத்தியாயம். வெறும் சரக்குக் கட்டும் மரப்பெட்டிக்கு 4415.

மரத்தோடு சிப்பியோ எலும்போ கலந்திருந்தால், பொருளுக்கு அதன் முதன்மைத் தன்மையைத் தருவது எது என்று பார்ப்பார்கள். மூடியில் நான்கு சிப்பிப் பூக்கள் இருப்பதால் மட்டும் மரப்பெட்டி சிப்பிப் பொருளாகிவிடாது.

எண் மாறினால் வரி மாறும், கேட்கும் சான்றிதழும் மாறும். சந்தேகம் இருந்தால் சரக்கு கிளம்பும் முன்பே சுங்கத்திடம் முன்கூட்டிய தீர்ப்பு கேட்டு வாங்கலாம். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இந்த வசதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தரும் தீர்ப்பு பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

எந்த மரம்?

அதிகம் இடறுவது இங்கேதான். ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்லும் மரத்தின் அறிவியல் பெயர் டால்பெர்ஜியா லாடிஃபோலியா. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வணிகத்துக்குத் தடையில்லை, அனுமதிச் சீட்டு வேண்டும். கையளவு பெட்டிக்கும் அந்த நிபந்தனை பொருந்தியதால் கைவினைத் தொழில் தடுமாறியது. ஈட்டி, அதே பேரினத்தைச் சேர்ந்த சிசூ (ஷீஷம்) ஆகிய மரப் பொருள்களின் ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாயிலிருந்து 500–600 கோடியாகக் குறைந்ததாக மத்திய அரசே சொன்னது.

2019-இல் 10 கிலோ வரையிலான செய்துமுடித்த பொருள்களுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் அந்த எடை மொத்தச் சரக்குக்கா, ஒவ்வொரு பொருளுக்குமா என்ற குழப்பம் நீடித்தது. இந்தியா தொடர்ந்து வலியுறுத்தியதில், 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாடு தெளிவுபடுத்தியது: ஒவ்வொரு பொருளிலும் உள்ள அந்த மரத்தின் எடை 10 கிலோவுக்குள் இருந்தால், எத்தனை பொருள்கள் சேர்ந்து போனாலும் அனுமதிச் சீட்டு தேவையில்லை. நகைப்பெட்டி செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் ஈட்டி மரத்தை இன்வாய்ஸில் 'ரோஸ்வுட்' என்று மட்டும் எழுதுவது ஆபத்து. பிரேசில் ரோஸ்வுட்டான டால்பெர்ஜியா நிக்ரா 1992-இலிருந்து சைட்டிஸின் முதல் பட்டியலில், மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. அறிவியல் பெயர் இல்லாவிட்டால் அதிகாரிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். 2008-இல் திருத்தப்பட்ட அமெரிக்காவின் லேசி சட்டமும் மரத்தின் அறிவியல் பெயர், வெட்டப்பட்ட நாடு, அளவு, மதிப்பு ஆகியவற்றை அறிவிக்கச் சொல்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் அந்த அறிவிப்பு இன்னும் பல மரப் பொருள்களுக்கு விரிந்திருக்கிறது.

பழைய பெட்டிகளில் தந்தம் பதித்திருக்கலாம். ஆசிய யானை சைட்டிஸின் முதல் பட்டியலில் உள்ளது. தந்தப் பதிப்புள்ள பெட்டியை வாங்கி அனுப்ப நினைக்கவே கூடாது. நூறு ஆண்டைத் தாண்டிய கைவேலைப் பொருள் என்றால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் அதை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது. பாட்டியின் பெட்டியை வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்கு அனுப்பும் முன் அதன் வயதை விசாரிப்பது நல்லது.

எதில் கட்டி வந்தது?

பெட்டி சரியாக இருந்தும், அதைச் சுற்றிய பெட்டியால் சரக்கு நின்றுபோவதுண்டு. மரப்பூச்சிகள் நாடு தாண்டாமல் தடுக்க வந்த 'ஐ.எஸ்.பி.எம். 15' விதிப்படி, கட்டும் மரம் உள்மையம் வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஒப்புக்கொள்ளப்பட்ட வேறொரு முறையில் பதப்படுத்தி, அதற்கான முத்திரை குத்தியிருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கும், 6 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ தடிமனுள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு. அட்டைப்பெட்டியில் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

வாங்கும்போதே கேளுங்கள்

அடி மரம் எது, பதித்த துண்டுகள் என்ன, வெளியே போர்த்தியது என்ன, மரத்தின் எடை எவ்வளவு என்ற நான்கு விவரங்களையும் வாங்கும் இடத்திலேயே ரசீதில் எழுதி வாங்குங்கள். வரிவிகிதங்கள் அடிக்கடி மாறுவதால் அனுப்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். துறைமுகத்தில் அதிகாரி கேட்கும் மரத்தின் பெயர், அதைத் தொட்டுப் பார்த்தே சொல்லும் கைவினைஞருக்குத் தெரியும். அவரிடம் கேட்காமல் வந்துவிடுவதுதான் நாம் செய்யும் தவறு.