மலைமொழியின் ஆடொலிகள்

உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவின் மேற்சரிவில் நீலகிரித் தொல்குடியினரான தோடரின் குடியிருப்பு ஒன்று உண்டு; அதை மந்து என்பர். வில்லென வளைந்த கூரையைப் படம்பிடிக்க நாளும் பலர் வருகின்றனர். அங்கே பேசும் மொழிக்குச் செவிகொடுப்போர் மிகச் சிலர். செவிகொடுத்தாலும் தமிழர்க்கு அது எளிதில் பிடிபடாது. தோடர் தம்மைக் குறிக்க வழங்கும் சொல் நம் 'ஆள்' என்பதன் உடன்பிறப்பு. நம் ஆகாரம் அம்மொழியில் ஓகாரமாய்த் திரிந்துவிட்டது. நம் 'கால்' அங்கே 'கோல்'. இத்திரிபை அறிந்தபின் உறவு மெல்லத் துலங்கும்.

ஒலிவளத்தில் தோடமொழி தமிழைவிடப் பெருஞ்செல்வம் உடையது. ஐகார ஔகாரங்களை நீக்கினால் தமிழின் உயிர்கள் குறிலும் நெடிலுமாய் 10, தோடத்தில் 16. சகரத்தை ஒத்த உரசொலிகள் மட்டுமே நான்கு. லகர ளகரங்களைக் குரல்நாண் அதிராமல் வெறுங்காற்றாய் ஒலிக்கும் வழக்கும் உண்டு. எல்லாவற்றினும் வியப்பானவை அதன் ஆடொலிகள். நாநுனியைத் தளர்த்தி மேலே நிறுத்திக் காற்றைச் செலுத்தினால், விரையும் காற்றே நுனியை இழுத்தும் விடுத்தும் துடிக்கச் செய்யும். தசை அதை ஆட்டுவதில்லை. இவ்வாறு எழும் ஒலியே ஆடொலி. தோடர் அதனைப் பல்லுக்கு அணித்தாக ஒன்று, பல்முகட்டில் ஒன்று, நா மடிந்து ஒன்று என மூன்றிடத்தில் எழுப்புகின்றனர். ஒவ்வொன்றுக்கும் அண்ணச்சாயல் ஏறிய இணையும் உண்டு; ஆக ஆறு. நாவின் உடல் மேலெழும்போது நுனி இறுகித் துடிப்புத் தடைப்படும் என்பதால் அண்ணச்சாயல் ஆடொலி உலகமொழிகளில் அரிது. ஒலியியலாரான பெரி பாசுகரராவும் பீட்டர் லேடிபோகெட்டும் உடனாய்வாளர் ஒருவரோடு 1996இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாறொலிகளையும் கருவிகொண்டு அளந்து காட்டியது. சாறு, துணியின் கரை, கன்றுப்பட்டி ஆகிய மூன்றையும் குறிக்கும் தோடச் சொற்கள் இறுதி ஆடொலியால் மட்டுமே வேறுபடுகின்றன.

தமிழகத்தின் பெரும்பகுதியில் ரகர றகர வேறுபாடு பேச்சில் தேய்ந்துவிட்டது. ஆயினும் எழுத்து அதைக் காத்து நிற்கிறது. தோடமொழிக்குத் தனக்கென எழுத்து இல்லை. அங்கே வேறுபாடு முழுவதும் நாவில்தான் வாழ்கிறது. நாவிலிருந்து நழுவினால் தாங்கிப் பிடிக்க வேறெதுவும் இல்லை.

தாங்கிப் பிடிக்க முனைந்தோர் முன்னரே இருந்தனர். மருத்துவரும் உளவியலாருமான ரிவர்சு 1901, 1902 ஆண்டுகளில் இம்மலையில் தங்கி, குடிவழிகளைத் தலைமுறை தலைமுறையாய்க் கேட்டெழுதி, 1906இல் பெருநூலாய் வெளியிட்டார். மொழிக்கு வாய்த்தவர் மொழியியலார் எமனோ. கனடா நாட்டில் 1904இல் பிறந்து, எட்வர்டு சபீரிடம் ஒலியியல் பயின்று, 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி ஆற்றினார். பாடகர் வாய்ச்சொல்லை ஒலிக்குறிகளில் கையால் எழுதிச் சேர்த்தார். தோடர் பாட்டில் ஒவ்வொரு தொடருக்கும் மரபு வகுத்த இணைத்தொடர் ஒன்று உண்டு. ஓரிடத்தைச் சொன்னால் அதன் இணையிடத்தையும் சொல்லியாக வேண்டும். இக்கட்டுக்குள் நின்று புதுப்பாட்டு இயற்றுவது அவர்க்கு அன்றாடக் கலை. பாட்டுத் தொகுதி 1971இலும் இலக்கணமும் உரைப்பகுதிகளும் 1984இலும் வெளிவந்தன. களத்திலிருந்து இலக்கணநூல் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு! இத்தகைய பொறுமையை இன்றைய ஆய்வுநிதி எதுவும் தாங்காது.

எனினும் நூலேறிய மொழி வாழும் மொழி ஆகிவிடாது. 1901இல் ஏறத்தாழ 800 பேராய் இருந்த தோடர் 2011 கணக்கெடுப்பில் 2,000 பேரளவில் உள்ளனர். மக்கள் பெருகியும், யுனெசுகோ அவர்தம் மொழியை மிகக் கடுமையான அழிவுநிலையில் உள்ளதாய்க் குறிக்கிறது. அருகில் வாழும் கோத்தரின் மொழிக்கும் அதே நிலை. எனவே நோய் மக்கள்தொகையில் இல்லை. பெற்றோர் நாவிலிருந்து பிள்ளை நாவிற்குச் செல்லும் வழியில் இருக்கிறது. அவ்வழியில் குறுக்கே நிற்பது, சொல்லக் கூசினாலும், பள்ளிதான். தமிழிலோ ஆங்கிலத்திலோ எண்ணும் எழுத்தும் கற்கும் தோடப் பிள்ளைக்குத் தன் தாய்மொழியை வகுப்பில் திறக்க இடமில்லை. உண்டு உறைவிடப் பள்ளி என்றால் மந்தில் கழிக்கும் நாள்களும் குறைகின்றன.

உரிமைக்குக் குறைவில்லை. அரசமைப்பின் 350அ உறுப்பு 1956இல் சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மாநிலங்கள் வசதிசெய்ய முயல வேண்டும் என்கிறது. 'முயல வேண்டும்' என்பதற்குள் எத்தனை ஆண்டுகள் ஒளிந்துகொள்ள இயலும் என்பதற்கு மலைமொழிகளே சான்று. 2007இல் ஐக்கிய நாடுகள் அவை தொல்குடி உரிமைச் சாற்றுரையை 144 நாடுகளின் ஆதரவோடு ஏற்றது; இந்தியாவும் ஆதரித்தது. தம் மொழியில் தம் கல்வியமைப்பை நிறுவும் உரிமையை அதன் 14ஆம் உறுப்பு தருகிறது. 2022 முதல் 2032 வரை தொல்குடி மொழிகளின் பத்தாண்டு. தமிழக அரசும் 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தோடர், கோத்தர், சோளகர், காணிக்காரர், நரிக்குறவர் மொழிவளங்களை ஆவணப்படுத்த 2 கோடி உருவா ஒதுக்கியது. நல்ல தொடக்கம், ஆயினும் ஆவணம் எமனோ செய்த பணியின் தொடர்ச்சியே. பள்ளி இன்னும் தொடப்படவில்லை.

நியூசிலாந்து மாவோரியர் 1982இல் வேறு வழி கண்டனர். இலக்கணமும் பாடநூலும் வரட்டும் எனக் காத்திராமல், மொழி தெரிந்த முதியோரையும் மழலையரையும் ஓரிடத்தில் அமர்த்தி, அங்கே மாவோரி மட்டுமே பேசுவதென முடிவுசெய்தனர். அதற்கு இட்ட பெயர் 'மொழிக்கூடு'. இரண்டே ஆண்டில் அவாயித் தீவினரும் அவ்வழி சென்றனர். பிழைப்புக்குப் பெருமொழி வேண்டாமா எனக் கேட்போர் உண்டு. தோடரும் கோத்தரும் குறும்பரும் தமக்குள் பேசப் படகமொழியைப் பொதுவாய் வழங்கி வந்த மலை இது. பலமொழி அங்கே சுமையாய் இருந்ததே இல்லை.

மொழி தனியே நிற்பதுமில்லை. எருமை ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு அழைப்பவர் தோடர்; பால்மனைக் கோயிலின் கூரைக்குச் சதுப்புநிலப் புல் வேண்டும். சீகையும் கற்பூரமரமும் தேயிலையும் புல்வெளியை விழுங்கிய இடத்தில் அவற்றுக்குரிய சொற்களுக்கும் வேலை போயிற்று. மாறாக, இழை எண்ணி ஊசியால் கோலமிடும் தோடர் பூவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. கூலியோடு கைத்தொழில் நிற்பதால் அதன் சொற்களும் நிற்கின்றன.

ஆகவே கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள். நீலகிரியில் தோடப் பிள்ளைகள் பயிலும் தொடக்கப் பள்ளிகளில், முதல் இரண்டு வகுப்புகளுக்கேனும், நாள்தோறும் ஒரு மணிநேரம் மந்துப் பாட்டி ஒருவரை அமர்த்துங்கள். கல்விச் சான்றிதழ் கேட்காதீர்கள். ஆசிரியர்க்குரிய ஊதியம் கொடுங்கள்.