‘ஷல்’ என்பதும் ‘மே’ என்பதும்

சட்டங்களின் ஆங்கில மூலத்திலும் கடன் பத்திரங்களிலும் அடிக்கடி வருவன ‘ஷல்’, ‘மே’ என்னும் இரு துணைவினைகள். புளியங்குடியின் நெசவாளரும் எலுமிச்சை பயிரிடுவோரும் இவற்றின் வேற்றுமையை அறிந்திருத்தல் நலம்.

‘ஷல்’ எதிர்காலத்தைக் காட்டும் என்று பள்ளியில் கற்றோம். சட்டத்திலோ அது பொதுவாகக் கடமையை உணர்த்தும். ‘செய்தல் வேண்டும்’ என்பதே பொருள். ‘மே’ என்பது ‘செய்யலாம்’ என்னும் அதிகாரத்தைத் தருவது.

கடன் பெற்றவர் தவணையைச் செலுத்துவதற்கு ‘ஷல்’ என்றும், சங்கம் தவணையை நீட்டிப்பதற்கு ‘மே’ என்றும் ஒரு பத்திரம் கூறுவதாகக் கொள்வோம். முன்னது உறுப்பினரின் கடமை. பின்னது சங்கத்தின் முடிவைப் பொறுத்தது. நீட்டிப்புக் கிடைத்தே தீரும் என்று நம்பித் தவணையைத் தவறவிடலாகாது.

எல்லா ‘ஷல்’லும் ஒரே வலிமையுடையன அல்ல. கிராமங்களில் குடிசைத் தொழிலைக் கூட்டுறவு முறையிலும் வளர்க்க அரசு முயலுதல் வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவிலும் ‘ஷல்’ உண்டு. எனினும், 37-ஆவது பிரிவின்படி அதனை நீதிமன்றத்தின் வழி வற்புறுத்த இயலாது. ‘ஷல்’ என்ற சொல் மட்டுமே ஒரு விதியைக் கட்டாயமாக்கிவிடாது என்று 1957-இல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது.

ஆதலின், உறுப்பினர்களே, கையொப்பமிடுமுன் ‘வேண்டும்’ எங்கே, ‘லாம்’ எங்கே என்று வாசித்துக் கேட்டறிவீர்களாக.